இரண்டு பென்னிக்கு எவ்வளவு வட்டி?

வணக்கம் ஐயா,

டிசம்பர் விடுமுறையில் என் ஆறு வயது மகனோடு வீட்டில் உட்கார்ந்து ‘மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்’ பார்த்தேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாயக்கார ஆயா மேரியின் கதை. 2018இல் வந்தபோது தியேட்டருக்குப் போகவில்லை. முதல் படம் சின்ன வயதில் நான் மனப்பாடமாகப் பார்த்த படம். அதைக் கெடுத்துவைத்திருப்பார்களோ என்று பயம். பயந்தபடிதான் ஆயிற்று. மேரியாக வரும் எமிலி பிளண்ட்டைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் அழகாகவும் இருக்கிறது. ஆனால் படம் முடிந்தபிறகு ஒரு பாட்டுகூட வாயில் வரவில்லை. பழையதற்கே வேறு சட்டை மாட்டி அனுப்பிய மாதிரி இருக்கிறது. என் மகனோ விளக்கேற்றுகிறவர்கள் பாட்டு வந்தால் சோபாவில் ஏறிக் குதிக்கிறான். பழைய படத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான். 54 வருடம் கழித்து இப்படியொரு இரண்டாம் பாகம் தேவையா? குறை படத்திலா, என்னிடமா?

வாசகி, பிடோக்

அன்புள்ள பிடோக் வாசகிக்கு,

பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1964இல் முதல் படத்துக்கு ஷெர்மன் சகோதரர்கள் போட்ட பாட்டுகளை நீங்கள் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பீர்கள்? புதுப் படத்துக்கு மார்க் ஷைமன் போட்டவற்றை ஒரே ஒரு தடவை. இன்னும் இருபது தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அது தானாக நடந்துவிடும்.

சட்டை பற்றி நீங்கள் சொன்னது சரி. முதல் படத்தில் சாக்பீஸ் ஓவியத்துக்குள் குதித்தார்கள், இதில் பீங்கான் கிண்ணத்துக்குள். அங்கே கூரையில் மிதந்தபடி தேநீர் குடித்த மாமா, இங்கே தலைகீழாகப் புரளும் வீட்டில் மெரில் ஸ்ட்ரீப். புகைபோக்கி துடைப்பவர்கள் ஆடிய இடத்தில் தெருவிளக்கு ஏற்றுபவர்கள், பட்டத்துக்கு பலூன். மேசை இருந்த இடத்தில் மேசை, நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி. ஒரே ஓர் இடத்தில்தான் இயக்குநர் ராப் மார்ஷல் தன் சொந்தக் காலில் நிற்கிறார். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு, தொலைந்தவை எல்லாம் போய்ச்சேரும் ஓர் இடம் உண்டு என்று மேரி தாலாட்டுப் பாடும் இடம். பழைய படத்தில் இப்படியொரு துக்கம் கிடையாது.

ஆனால் எனக்கு இந்தப் படத்தோடு உள்ள வழக்கு வேறு. அது இரண்டு பென்னி வழக்கு.

எண்பதுகளில் நாங்கள் சிங்கப்பூர் தோ பாயோவில் இருந்தோம். முதல் படத்தைப் பார்த்தது, புளோக்குக்குக் கீழே இருந்த கடையில் வாடகைக்கு எடுத்த கேசட்டில். எங்களுக்கு முன்னால் எடுத்தவர்கள் எல்லாம் பட்டம் விடும் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள் போல, அந்த இடம் வந்தாலே திரையில் வெள்ளைக் கோடு ஓடும். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பு அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பார்ப்பார். ஆங்கிலம் தெரியாது. “இது நம்ம குட்டி பத்மினி படம் மாதிரிதானே” என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மா சொன்ன ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) டிஸ்னியின் ‘தி பேரண்ட் டிராப்’ (1961) கதையிலிருந்து வந்தது. அந்த டிஸ்னி படத்துக்கும் பாட்டு எழுதியவர்கள் இதே ஷெர்மன் சகோதரர்கள்தான்.

முதல் படத்தின் பேங்க் காட்சியைத்தான் சொல்ல வந்தேன். சிறுவன் மைக்கேலிடம் இரண்டு பென்னி இருக்கிறது. தேவாலயப் படிக்கட்டில் இரை விற்கும் கிழவியிடம் வாங்கிப் பறவைகளுக்குப் போட ஆசை. அப்பா வேலை பார்க்கும் பேங்கின் கிழட்டு முதலாளிகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, எங்களிடம் போடு, வளரும் என்று பாடுகிறார்கள். காசைப் பிடுங்கியதும் அவன் கத்த, பேங்கில் பணம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மற்றவர்கள் தங்கள் பணத்தை எடுக்க முண்டியடிக்கிறார்கள். அப்பாவுக்கு வேலை போகிறது. நான் மைக்கேல் கட்சி. அம்மா பேங்க் கட்சி. “புறாவுக்குப் போட்டா யாரு திருப்பித் தருவா?” அப்போது என்னிடம் பிஓஎஸ்பி சேமிப்பு வங்கியின் அணில் உண்டியல் ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

வேலை போன அப்பா, அதே இரண்டு பென்னியை முதலாளி கையில் வைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டம் விடப் போய்விடுவார். அது கிண்டல். முழுப் படமும் அந்தக் கிண்டலின் மேல்தான் நிற்கிறது. கதையை எழுதிய பி.எல். டிராவர்ஸின் அப்பாவும் ஆஸ்திரேலியாவில் பேங்க் வேலையில் இருந்தவர். மகளுக்கு ஏழு வயதில் இறந்துபோனார். டிஸ்னி எடுத்த படம் அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை, கார்ட்டூன் பகுதி சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த அப்பாவுக்குப் பின்னால் ஒரு நிஜ அப்பா இருந்தார்.

இரண்டாம் பாகத்தில் மைக்கேலே அப்பா. கடனுக்கு வீடு போகப் போகிறது, அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரத்தைத் தேடி வீட்டையே புரட்டுகிறான். கடைசியில் டிக் வான் டைக் வருகிறார். முதல் படத்தில் கிழட்டு முதலாளி வேடமும் போட்டவர், இதில் அந்த முதலாளியின் மகன். எடுத்தபோது வயது 91. மேசைமேல் ஏறி ஆடுகிறார், அதற்காகவே படத்துக்குப் பாதி மன்னிப்பு கொடுக்கலாம். ஆடி முடித்து அவர் சொல்லும் சேதி என்ன? அன்று கொடுத்த இரண்டு பென்னியை முதலீடு செய்தோம், வளர்ந்துவிட்டது, கடன் தீர்ந்தது. நான் பார்த்த தியேட்டரில் கைதட்டல். சிங்கப்பூரில் தட்டாமல் இருப்பார்களா! நான் தட்டவில்லை. கிண்டலாகச் சொன்ன ஒரு வரியை இவர்கள் சேமிப்பு ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்கள். முதல் படத்தில் எந்தக் கிழவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சரி என்று 54 வருடம் கழித்துத் தீர்ப்பு.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நொடியில் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அன்று எனக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் பாக்கி. இந்தக் கதை நடப்பது 1930களின் மந்தக் காலத்தில். முதல் புத்தகம் 1934இல் வந்தது, ஆகவே காலத்தைப் பொறுத்தவரை 1910இல் நடக்கும் பழைய படத்தைவிட இதுதான் புத்தகத்துக்குப் பக்கம். வீடு ஏலத்துக்குப் போகும்போது பட்டம் விடு என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. குறை உங்களிடமா என்று கேட்டீர்கள். உங்களிடம் பாதி, என்னிடம் பாதி. நாம் மைக்கேலின் வயதுக்கு வந்துவிட்டோம். பிள்ளைக்கு என்று டிக்கெட் வாங்கினோம், படமோ நம்மைப் பார்த்தே பேசியது.

மகனைப் பழைய படத்துக்கு இழுக்காதீர்கள். புதுப் படத்தில் ஒரு காட்சிக்கு வரும்படி கேட்டபோது பழைய மேரியான ஜூலி ஆண்ட்ரூஸே, இது எமிலியின் படம் என்று ஒதுங்கிக்கொண்டார். பையன் சோபாவில் குதிக்கட்டும். ஸ்பிரிங் போனால் போகட்டும்.

போன வாரம் அம்மாவிடம் இரண்டாம் பாகத்தின் முடிவைச் சொன்னேன். முதல் பாகத்துக்கும் இதற்கும் நடுவே கதைப்படி சுமார் 25 வருடம் என்றும் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

“ரெண்டு பென்னிக்கு அவ்வளவு வட்டியா? எந்த பேங்க்குடா அது?”