உறைக்கு 55 ரூபாய், பொட்டலத்துக்கு 30 ரூபாய்

அன்புள்ள ஐயா,

என் தந்தை பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் மறைந்தபின் அம்மாவுக்குத் தமிழ்நாடு அரசின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அம்மாவின் வாழ்நாள் சான்றிதழைப் போன வாரம் பாலக்காட்டிலிருந்து கோவைக் கருவூலத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பினேன். கட்டணம் 47 ரூபாய், வரியோடு 55 ரூபாய். மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே செல்போனில் பிரியாணி சொன்னேன். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடையிலிருந்து 35 நிமிடத்தில் வந்துவிட்டது, டெலிவரி கட்டணம் 30 ரூபாய். காஷ்மீருக்கு அனுப்பினாலும் இதே 47 ரூபாய்தான் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். அப்படியென்றால் பக்கத்து ஊருக்கு அனுப்பும் நான் காஷ்மீர்க் கடிதத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறேனா? வருடாவருடம் பல்லாயிரம் கோடி ரூபாய் நஷ்டத்தில் ஓடும் துறையைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன? அடுத்த முறை கொரியரில் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

க., பாலக்காடு

அன்புள்ள க.,

நீங்கள் சொன்ன தொகைகள் எல்லாம் சரி. ஆனால் இரண்டும் கட்டணங்கள், செலவுகள் அல்ல. உங்கள் கைக்கு வந்த பொட்டலத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பதை அந்த 30 ரூபாய் சொல்லவில்லை.

பாலக்காட்டில் சிறிய உணவகம் நடத்தும் நண்பர் ஒருவர் தன் கல்லாவில் இருந்த இரண்டு சீட்டுகளை அடுத்தடுத்து வைத்து எனக்குக் காட்டினார். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 180 ரூபாய் ஆகும் பிரியாணிக்குச் செயலியில் 220 ரூபாய் போட்டிருந்தார். செயலி நிறுவனம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டபின், கடையில் விற்றால் கிடைப்பதுகூட அவர் கைக்கு வரவில்லை. நீங்கள் 30 ரூபாய் என்று எண்ணிய தொகையின் பெரும்பகுதி இப்படி உணவின் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ என்று ஒன்று. 2023-இல் 2 ரூபாயாகத் தொடங்கியது, இன்று 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவு வாங்கியும் ஸ்விக்கி 2024-25 நிதியாண்டில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டக் கணக்குக் காட்டியது. 2015-இல் உணவு டெலிவரியில் இறங்கிய சொமேட்டோ முதல் காலாண்டு லாபத்தைக் கண்டது 2023 ஏப்ரல்-ஜூனில்தான், அதுவும் 2 கோடி ரூபாய். இடைப்பட்ட ஆண்டுகளின் குறையை முதலீட்டாளர்கள் தாங்கினார்கள். ஆகவே நஷ்டம் என்பது அஞ்சல் துறைக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

வேலை நடக்கும் விதமும் வேறு. உணவைப் பொறுத்தவரை ஒரு பொட்டலத்துக்கு ஓர் ஆள், ஒரு வண்டி, ஒரு பயணம். வண்டியும் பெட்ரோலும் அந்த இளைஞருடையவை. எனவே அந்தப் பயணத்தின் மொத்தச் செலவும் ஒரே பொட்டலத்தின் தலையில் விழுகிறது, தூரம் கூடக் கூட அது கட்டுப்படியாகாமல் போகிறது. கடிதம் அப்படிப் போவதில்லை. உங்கள் உறை நூற்றுக்கணக்கான உறைகளோடு ஒரே பையில் கோவைக்குப் போயிற்று. இங்கிலாந்தில் 1840-இல், எவ்வளவு தூரமானாலும் கடிதத்துக்கு ஒரு பென்னிதான் என்னும் ‘பென்னித் தபாலை’க் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார்: லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான். மற்றச் செலவெல்லாம் வாங்குவது, முத்திரையிடுவது, பிரிப்பது, வீடு தேடிப் பட்டுவாடா செய்வது ஆகியவற்றில் இருக்கிறது. உங்கள் காஷ்மீர்க் கேள்விக்கும் விடை பெருமளவு இங்கேயே இருக்கிறது. தூரத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் கோவை உறையானாலும் காஷ்மீர் உறையானாலும் இரு முனையிலும் ஆகும் வேலை ஒன்றே.

நம் நாட்டில் 1854-க்கு முன் தூரத்துக்குத் தக்கபடிதான் தபால் கூலி வாங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா (ஏறத்தாழ 12 கிராம்) எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துச் சட்டம் அதை மாற்றி, கால் தோலாக் கடிதம் எந்தத் தூரம் போனாலும் அரை அணா என்று வைத்தது. நம் பகுதி அப்போது அதில் முழுதாகச் சேரவில்லை. நான் வாழும் சித்தூர் தாலுக்கா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, உங்கள் பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது. இங்கே கொச்சி அரசின் அஞ்சல், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அங்கே இந்தியத் தபால். சமஸ்தான அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்தது 1951-இல். அதன்பின் 1972-இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. ஒரே பெயருள்ள ஊர்களால் வரும் குழப்பத்தைத் தீர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்காமலே விளங்கும்: 678101 என்று எழுதினால் எங்கள் சித்தூர், 517001 என்று எழுதினால் ஆந்திரத்துச் சித்தூர்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் இருந்தேன். பை வந்ததும் அரக்கு முடிச்சை அறுத்து மேசையில் கொட்டினார்கள். இருபதுக்கும் குறைவான தபால்கள்தான் இருந்தன. தபால்காரர் அவற்றைத் தெருவாரியாக அடுக்கிவிட்டு, ஒரு வங்கி உறையை மட்டும் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டார். “இது கடேசிக் களத்துக்குங்க சார், மத்ததெல்லாம் முடிச்சிட்டுத்தான் போவோணும்” என்றார். இங்கே தோட்டத்து வீட்டைக் களம் என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் உடன் போனேன். சைக்கிளைக் கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டுத் தென்னந்தோப்பு வரப்பில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். வயதான அம்மா ஒருவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டு வாங்கினார். உள்ளே இருந்தது அவருடைய ஏடிஎம் அட்டை. அந்த ஓர் உறைக்காக அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எந்தச் செயலியும் அந்தக் களத்துக்கு எந்த விலைக்கும் வராது, வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. தபால்காரரோ வந்தே தீர வேண்டும்.

நம் மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர். வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே இருப்பவருக்கு நீங்கள் சாதாரணக் கடிதம் போட்டால் 5 ரூபாய் ஸ்டாம்பு, பாலக்காட்டுக்குள் பக்கத்துத் தெருவுக்குப் போட்டாலும் அதே 5 ரூபாய். தனியாரிடம் கொடுத்தால் அவர்கள் நகரத்தை எடுத்துக்கொள்வார்கள், பறம்பிக்குளத்தை விட்டுவிடுவார்கள். அதை அவர்கள் குற்றமாகவும் நான் சொல்லமாட்டேன், லாபத்துக்காக நடத்தப்படும் தொழில் வேறெப்படியும் செய்யாது.

நாட்டில் ஏறத்தாழ 1,65,000 அஞ்சலகங்கள் உள்ளன, பத்தில் ஒன்பது கிராமங்களில். 50 காசு அஞ்சலட்டை ஒன்றைக் கொண்டு சேர்க்க 12 ரூபாய்க்கு மேல் ஆவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் துறையே தன் ஆண்டறிக்கையில் கணக்குக் காட்டியது. நீங்கள் நஷ்டம் என்று எழுதியது இதைத்தான். நான் இதைச் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும் செலவோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. என்னோடு வரப்பில் நடந்தவர் கிராம அஞ்சல் ஊழியர், துறையின் நிரந்தர ஊழியர் அல்லர். 2018-இல் மாற்றியமைத்தபோது இவர்களுக்கான அடிப்படைத் தொகை வேலைநேரத்துக்கும் பொறுப்புக்கும் ஏற்ப 10,000 முதல் 14,500 ரூபாய் என வைக்கப்பட்டது, அகவிலைப்படி தனி. அரசு ஊழியருக்குள்ள ஓய்வூதியம் இவர்களுக்கு இல்லை. உங்களுக்குப் பிரியாணி கொண்டுவந்த இளைஞரின் உழைப்பு மலிவாக வாங்கப்படுகிறது என்றால், அந்த அம்மாவுக்கு அட்டை கொண்டுபோனவரின் உழைப்பும் மலிவாகத்தான் வாங்கப்படுகிறது. இது எனக்குப் பல நாள் வேதனை.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு, அதில் நான் உங்கள் கட்சி. ஓர் ஆவணம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும் என்றால் முன்பு பதிவுத் தபால் இருந்தது, வரியோடு 26 ரூபாய். 2025 செப்டம்பர் 1 முதல் அது விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. அடுத்த மாதமே விரைவுத் தபாலின் கட்டணமும் உயர்ந்தது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். பதிவு வேண்டுமென்றால் அதற்கு மேல் 5 ரூபாய், பிறகு 18 சதவீத வரி. கூட்டிப் பார்த்தால் 61 ரூபாய். அவசரமே இல்லாத ஒரு விண்ணப்பத்தை ஏழை ஒருவர் அத்தாட்சியோடு அனுப்புவதற்கான மலிவான வழி அடைபட்டுவிட்டது. வேகத்துக்கு விலை வைப்பது செயலிகளின் வழக்கம், அவர்களுக்கு அது பொருந்தும். வேகம் தேவைப்படாதவரிடமும் வேகத்தின் விலையை அஞ்சல் துறை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பட்டுவாடாவில் சுணக்கம் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. எனக்கு வந்த ஒரு புத்தகக் கட்டு 19 நாள் கழித்து, முனை நசுங்கி வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் துறைக்கு எழுதிக் கேளுங்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, கொரியரைப் பற்றி. கோவைக்கு அனுப்பத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அம்மாவின் சான்றிதழுக்கு அதுவும் தேவைப்படாது. உங்கள் தபால்காரரிடம் சொன்னால் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து, அஞ்சல் வங்கி மூலம் மின்னணு வாழ்நாள் சான்றிதழைப் பதிந்து தருவார். தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆதார் எண், ஓய்வூதிய எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எடுத்து வையுங்கள். கட்டணம் 70 ரூபாய். அம்மா வாசல்படி இறங்க வேண்டியதில்லை.

அன்புடன்.