தம்ளர் வழியாது, கடல் உயரும்

கேள்வி: விளிம்புவரை தண்ணீர் நிறைந்த தம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கிறது. உருகினாலும் தண்ணீர் வழியாது என்று சாதிக்கிறான் என் மகன். அப்படியானால், பனி உருகிக் கடல் மட்டம் உயரும் என்று எச்சரிப்பது ஏன்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி, அவனைத் தட்டிக்கொடுங்கள். தம்ளரின் அடியில் ஈரம் தெரியும். அது வழிந்த தண்ணீர் அல்ல. காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த வெளிப்புறத்தில் பட்டுத் துளித்துளியாக இறங்கியது. பலர் இதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

100 கிராம் ஐஸ் கட்டி என்று வைத்துக்கொள்வோம். நீர் உறையும்போது விரிவதால் அதன் கன அளவு ஏறக்குறைய 109 மில்லி. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. ஆகவே 100 மில்லி நீருக்குள்ளே, 9 மில்லி வெளியே. உருகினால் கிடைப்பதும் 100 மில்லி நீர்தான். முழுகியிருந்த இடத்தை அது அப்படியே நிரப்பிவிடுகிறது. வெளியே தெரிந்த 9 மில்லி எங்கே போயிற்று? உறையும்போது விரிந்தது, உருகும்போது சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கடலில் கணக்கு கொஞ்சம் மாறும். உப்புநீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அதே கட்டி சுமார் 97.5 மில்லி கடல்நீரைத்தான் விலக்கும். உருகினால் 100 மில்லி நன்னீர். இரண்டரை மில்லி கூடுதல்! ஆனாலும் எச்சரிக்கைக்குக் காரணம் இது அல்ல.

கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் உள்ள பனியில் பெரும்பகுதி தரைமேல் கிடக்கிறது. அது இன்னும் தம்ளருக்குள் விழாத கட்டி. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுவதும் உருகினாலே உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டர் அளவுக்கு உயரும். கடல்நீர் சூடேறி விரிவதும் மட்டத்தை உயர்த்துகிறது.

அப்படியானால் மிதக்கும் பனியைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும், மிகவும் வேண்டும். அண்டார்டிகாவின் கரையோரம் மிதக்கும் பனித்தட்டுகள், பின்னாலுள்ள பனியாறுகளைக் கடலுக்குள் சரியவிடாமல் தடுத்து நிற்கின்றன. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லார்சன்-பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கிப்போனது. மிதந்துகொண்டிருந்த பனி என்பதால் அந்த நொறுங்கலால் கடல் மட்டம் சொல்லத்தக்க அளவுக்கு உயர்ந்துவிடவில்லை. ஆனால் தடுப்பு போனதும் பின்னாலிருந்த பனியாறுகளில் சில, எட்டு மடங்குவரை வேகமெடுத்துக் கடலில் இறங்கின. அந்தப் பனி தரையிலிருந்து வந்தது.