செம்பட்டைத் தலைமுடிக் குருவானவர்

கேள்வி: கொழும்பில் மேலைத்தேய வயலின் பயிலும் என் மகளிடம் அவளுடைய ஆசிரியை, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்று கூறினாராம். அது உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்மைதான். 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி வெனிஸ் நகரில், வயலின் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அன்டோனியோ விவால்டி 1703இல் குருப்பட்டம் பெற்றார். செம்பட்டைத் தலைமுடியால் ஊரார் அவரைச் 'செந்நிறக் குருவானவர்' என்றனர். ஆனால் நெஞ்சு இறுக்கும் நோயைக் காரணங்காட்டிச் சில ஆண்டுகளிலேயே திருப்பலி ஒப்புக்கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். (அந்த நோய் ஊர் ஊராகச் சென்று இசை நாடகங்களை மேடையேற்ற மட்டும் தடையாக இருக்கவில்லை!)

கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியத்தா இல்லத்தில் அதே 1703இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்ததே, என் கணிப்பில், அவருடைய வாழ்வின் பெரும்பேறு. கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்து வாசித்த அவ்வில்லப் பெண்களின் இசையைக் கேட்க வெளிநாட்டுப் பயணிகளும் வந்தனர். அப்பெண்களுக்காகவே அவர் தமது ஏறத்தாழ 500 கொன்சேர்ட்டோக்களுள் (தனிக் கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்புகள்) பலவற்றை எழுதினார். உங்கள் மகள் விரைவில் வாசிக்கக்கூடிய 'நான்கு பருவங்கள்' என்ற அவருடைய வயலின் கொன்சேர்ட்டோத் தொகுதி 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியது.

1741இல் வியன்னாவில் வறுமையில் இறந்தபின் அவரை உலகம் மறந்தது. 1920களில் வெளிப்பட்டு, இன்று இத்தாலியின் தூரின் நகரத் தேசிய நூலகத்திலுள்ள கையெழுத்துப் படிகளே அவரை மீட்டுத் தந்தன.