கணக்கு கேளுங்க: 100ல ஆரம்பிச்சா ஏன் 11ல போய் நிக்குது?

கே: முதல்ல ஏதாவது ஒரு எண்ணை எழுதணும் சார். அப்புறம் ஒவ்வொரு எண்ணா சேக்கணும், எத்தனை எண் ஆச்சோ அத்தனையால மொத்தக் கூட்டல் மீதியில்லாம வகுபடணும், சேக்கற எண் முடிஞ்சவரை சின்னதா இருக்கணும், 0 வந்தாலும் சரி. நான் 100 போட்டேன். 100, 0, 2, 2, 1, 3, 4, 0, 5, 3, 1 னு தாறுமாறா வந்துட்டு, அப்புறம் 11, 11, 11 னு அப்படியே நின்னுடுச்சு. எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா? (பதினோராம் வகுப்பு மாணவி, தேனி)

ப: தப்பே இல்லம்மா, நானும் பேப்பர் எடுத்துப் போட்டுப் பாத்துட்டேன், ஒவ்வொண்ணும் சரி. சேக்கற எண்ணையே பாத்துட்டு இருந்தா ஒண்ணும் புரியாது, சராசரியைப் பாரு. 100, 50, 34, 26, 21, 18, 16, 14, 13, 12, 11. எங்கயுமே ஏறல பாத்தியா?

ஏன்னா, நாலு எண் முடிஞ்சப்போ கூட்டல் 104, சராசரி 26. அஞ்சாவதா அதே 26ஐ சேத்தா 130, அது 5ஆல கண்டிப்பா வகுபடும், ஆனா விதி சின்னதைத்தான் கேக்குது, 1 போட்டாலே 105 வந்துடுது. அதாவது சராசரியை சேக்கறது எப்பவுமே ஒரு வழி, அதைவிடப் பெருசா சேக்க வேண்டிய அவசியமே வராது, அதனால சராசரி ஏறாது.

இப்போ 11வது இடத்துக்கு வா. கூட்டல் 121, சராசரி 11. அடுத்து 12ஆல வகுபடணும், 11 சேத்தா 132. அதைவிடச் சின்னதா வேணும்னா 12 குறைக்கணும், அது -1 ஆயிடும், அதுக்கு அனுமதி இல்ல. இனிமே இடம் கூடிட்டே போகும், சராசரி 11லயே இருக்கும், அதனால தப்பிக்க வழியே கிடையாது. எந்த எண்ல ஆரம்பிச்சாலும் சராசரி ஏறாது, இட எண் ஏறிட்டே இருக்கு, ஒரு நாள் சந்திச்சுத்தான் ஆகணும்.

கே: எதுல நிக்கும்னு போட்டுப் பாக்காமலே சொல்ல முடியுமா? (அதே மாணவி, கடிதத்தோட பின்பக்கத்துல)

ப: இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1லருந்து 100 வரைக்கும் வரிசையா எழுது. ஒவ்வொரு ரெண்டாவது எண்ணையும் அடி, மிச்சத்துல ஒவ்வொரு மூணாவதையும் அடி, அந்த மிச்சத்துல ஒவ்வொரு நாலாவதையும், இப்படியே அடிக்க எதுவும் இல்லாத வரைக்கும் போ. தப்பிக்கறது 1, 3, 7, 13, 19, 27, 39, 49, 63, 79, 91. எண்ணிப் பாரு, 11! முதல் தடவை அடிச்சா மிச்சம் 50, அப்புறம் 34, அப்புறம் 26, உன்னோட சராசரி வரிசை அப்படியே இங்க வருது. ஜொசிபஸ் சல்லடைன்னு இதுக்குப் பேரு.

இன்னும் இருக்கு. இந்த சல்லடையில தப்பிக்கற எண்கள்ல n-ஆவது எண், n பெருசாகப் பெருசாக, n²ஐ பை/4ஆல (பைன்னா π, 3.14...) பெருக்கின அளவை ஒட்டியே வருது, வட்டமே இல்லாத இடத்துல பை! அதனால ஆரம்ப எண்ணை பையால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்கினா நிக்கற எண் கிட்டத்தட்ட கெடைச்சுடும். 100க்கு 11.28 வரும். 1000க்கு 35.7, நான் கையாலயே போட்டேன், 35ல நின்னுச்சு. இந்த மாதிரி சல்லடைகளைப் பத்தி எர்டிஷ், ஜபோட்டின்ஸ்கின்னு ரெண்டு கணித ஆய்வாளர்கள் 1958லயே எழுதியிருக்காங்க.

கே: இந்த மாதிரி தொடருக்கு ஏன் கிரீடி (greedy, பேராசை பிடிச்சது) ன்னு பேரு? (வாசகர், திருச்சி)

ப: அந்த நிமிஷத்துல பொருந்தறதுலயே சின்னதை எடுத்துக்கும், பின்னாடி என்ன ஆகும்னு யோசிக்காது, எடுத்ததை மாத்தவும் மாத்தாது. இன்னொண்ணு போட்டுப் பாருங்க: 0, 1ல ஆரம்பிச்சு, எந்த மூணு எண்ணும் சம இடைவெளியில வரக்கூடாதுன்னு சின்னதா சின்னதா சேத்துட்டுப் போங்க. 0, 1, 3, 4, 9, 10, 12, 13 வந்து அப்புறம் டக்குனு 27க்குத் தாவும். எல்லாத்தையும் மூணடிமானத்துல (0, 1, 2ங்கற மூணு இலக்கத்தை மட்டும் வெச்சு எழுதற முறை) எழுதிப் பாருங்க, எதுலயுமே 2ங்கற இலக்கம் இருக்காது.