பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளி: கேட்டீர்கள், சொல்கிறேன்

பக்கத்து வீட்டிலோ அதே காம்பவுண்டிலோ ஒரு மாற்றுத்திறனாளி, கையில் காசும் கம்மி, ஆள் துணையும் கம்மி, அவரிடம் எப்படிப் பழகுவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் மதுரை பக்கம் மேலூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் காலிப்பர், அதாவது நடக்க மாட்டிக்கொள்கிற தாங்கி. அதனால் மனு எழுதிக் கொடுக்கிற பக்கமும் தெரியும், பரிதாபப் பார்வை வாங்குகிற பக்கமும் தெரியும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் காம்பவுண்டில் ஒரு அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அம்மா இட்லி மாவு விற்று அவரைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் குடிவந்து ரொம்ப நாளாகிவிட்டது, பார்த்தால் சிரிப்பதோடு சரி. எப்படிப் பேச ஆரம்பிப்பது அண்ணே?

உதவி செய்யப் போகாதம்மா, உதவி கேட்டுப் போ. சிலிண்டர் வருகிற நாளில் வெளியே போக வேண்டியிருந்தால் சாவியையும் பணத்தையும் அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர், காம்பவுண்டுக்குள் எவன் வந்தான் எவன் போனான் என்பது அவருக்குத்தான் தெரியும். நம்பி ஒரு வேலையை ஒப்படைத்தால் மறுநாள் பேச்சு தானாக வரும்.

இன்னொன்று, அவரைப் பற்றி அவருடைய அம்மாவிடம் விசாரிக்காதே, அவரிடமே கேள். எனக்கே இது இன்னும் நடக்கிறது. டீக்கடையில் நான் நின்றுகொண்டிருப்பேன், கடைக்காரர் என்கூட வந்தவரைப் பார்த்து "சாருக்குச் சீனி போடலாமா?" என்பார். எனக்குக் காலில்தானே கோளாறு, வாயிலா? அப்புறம், பேசும்போது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசு, நின்றபடி பேசினால் அண்ணாந்து அண்ணாந்து அவருக்குக் கழுத்து வலிக்கும். கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவது, அதன் பிடியில் பையை மாட்டுவது இதெல்லாம் வேண்டாம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு அம்மா: எதிர் வீட்டில் ஒரு பாட்டியும், நடக்க முடியாத அவருடைய மகளும். வீட்டில் எது விசேஷமாகச் செய்தாலும் ஒரு கிண்ணம் கொடுத்து விடுவேன். போன மாதம் "வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன் தம்பி?

தப்பு ஒன்றும் இல்லைம்மா, கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாகவே போய்விட்டது. நம் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, வீட்டுக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். உங்கள் கிண்ணம் வாரா வாரம் வந்து நின்றால் அந்த வீட்டில் திருப்பிப் போட என்ன இருக்கும்? மனசு கூசித்தான் வேண்டாம் என்றிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அப்புறம் நீங்களே போய், "பாட்டி, கருவாட்டுக் குழம்பு நான் வச்சா மட்டும் கசக்குது, ஒரு தடவை வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். வைத்துக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கன்னத்தில் அறைந்த மாதிரி. மகள் நாக்குக்கு என்ன பிடிக்கும் என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? பழையதையும் மிச்சத்தையும் தள்ளிவிடுகிற ஆட்கள் உண்டு, நீங்கள் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற எதையும் அந்த வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம்.

புதூரிலிருந்து ஒரு தம்பி: பார்வை இல்லாத பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிறார். சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போடா என்கிறார். கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போ. ஆனால் எங்கே என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற விடியற்காலை நெரிசல் யாருக்குமே ஆபத்துதான், 2022-ல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். முந்தின நாள் எதிர்சேவை, அதாவது வருகிற அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்பது, உங்கள் புதூர் வழியாகத்தானே வருகிறது, ஒரு கடைத் திண்ணையோ தெரிந்தவர் வீட்டு வாசலோ பார்த்து முன்னாடியே நின்றுகொள்ளுங்கள்.

நடக்கும்போது நீ அவர் கையைப் பிடித்து இழுக்காதே, அவர் உன் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும், நீ அரை அடி முன்னால் போ. உன் உடம்பு அசைவதிலேயே மேடு பள்ளம் அவருக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் ஏறுதா இறங்குதா என்று சொல். கோலை அவர் கையிலிருந்து வாங்கவே வாங்காதே. பார்ப்பதைச் சும்மா சொல்லிக்கொண்டே வா: சொம்பில் சர்க்கரை நிரப்பி மேலே சூடம் ஏற்றி நிற்கிற பெண்கள், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், அழகர் குதிரையில் வருகிறாரா இல்லையா என்று சண்டை போடுகிற பெருசுகள். தண்ணீர் பாக்கெட் வாங்க நகர்ந்தால் சொல்லிவிட்டுப் போ, இல்லாத ஆளோடு அவர் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆரப்பாளையத்திலிருந்து: மாடியில் ஒரு அக்கா, விரல்கள் மடங்கியிருக்கும், தையல் தைக்கிறார். வீட்டுத் துணியை அவரிடம் கொடுக்கலாமா, பாவப்பட்டுக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமா?

முதலில் ஒரு ஜாக்கெட் கொடுத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் அடுத்ததும் கொடுங்கள், அளவு தப்பியிருந்தால் பிரித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். வெளியில் என்ன கூலியோ அதே கூலி, கூட்டியும் வேண்டாம் குறைத்தும் வேண்டாம். நம் ஊரில் 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போயிருந்தது, அந்தக் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேலே கண் ஆபரேஷன் செய்தார். ஆகவே விரலைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: பக்கத்து வீட்டு மாமா கொத்தனார் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் வராது. எந்த அட்டையும் எடுக்கவில்லை. யாரைப் பார்ப்பது?

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அதாவது யூடிஐடி அட்டைதான் முதல் படி. ஆதார், போட்டோ, சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு இ-சேவை மையத்தில் ஆன்லைனில் பதியலாம். அரசு டாக்டர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள், மதுரையில் பெரியாஸ்பத்திரி, அதாவது ராஜாஜி மருத்துவமனை. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 2023 நிலவரப்படி வருவாய்த் துறை தருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய், கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். மாமாவுக்கு அடிபட்டது தண்டுவடத்தில் என்றால் இரண்டாவதைக் கேட்க வேண்டும், டாக்டர் சீட்டில் அது தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"நான் முடிச்சுத் தர்றேன், இவ்வளவு ஆகும்" என்று வருகிற புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாமாவுக்குப் பதிலாக நீங்கள் போகாதீர்கள், மாமாவோடு போங்கள். ஃபைல் அவர் மடியில் இருக்கட்டும், அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டால் நீங்கள் மாமாவைப் பாருங்கள். அட்டை வந்த பிறகு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவருக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது, ஆனால் அந்தப் படியில் அவரை ஏற்றுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பது வேறு கதை.

ஆனையூரிலிருந்து: வாசல் படியால் கீழ் வீட்டுப் பையன் வெளியே வர முடியவில்லை. சாய்தளம் கட்ட ஹவுஸ் ஓனர் விடமாட்டேன் என்கிறார், கோலம் போட இடம் போய்விடுமாம்.

கட்ட வேண்டாம், எடுத்து வைக்கிற மாதிரி இரும்புத் தகட்டில் வெல்டிங் கடையில் செய்துவிடலாம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு, அரையடிப் படி என்றால் ஆறடித் தகடு. குறைத்தால் நாற்காலி பின்னால் சாயும். வழுக்காமல் இருக்கக் கோடு போட்ட தகடு கேளுங்கள். கோலம் காய்ந்த பிறகு போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். ஓனரிடம் அந்தப் பையனின் அப்பா தனியாகப் போய்க் கெஞ்சுவதைவிடக் குடியிருப்போர் நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: அடுத்த வீட்டுப் பையனுக்கு இருபது வயசுக்கு மேலே, மனவளர்ச்சி குறைவு. எங்கள் மேல் ரொம்பப் பாசம். ஆனால் நேரம் காலம் இல்லாமல் வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். வீட்டுக்காரி முகம் சுளிக்கிறாள். போகச் சொல்ல மனசு வரவில்லை.

போகச் சொல்லலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு சகிப்பதைவிட அது எவ்வளவோ மேல், அந்தப் பையனுக்கும் முகம் படிக்கத் தெரியும். "சாயங்காலம் ஆறு மணிக்கு வா, ஏழு மணிக்குக் கிளம்பணும்" என்று ஒரே மாதிரி, ஒவ்வொரு நாளும் அதே வார்த்தையில் சொல்லுங்கள், சுவரில் ஒரு கடிகாரத்தைக் காட்டிச் சொன்னால் இன்னும் நல்லது. மாறிமாறிச் சொன்னால்தான் குழப்பம். அந்த ஒரு மணி நேரம் அவனுடைய அம்மாவுக்கு எவ்வளவு பெரிது என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கடைக்குத் தனியாகப் போய் வருவதே சில அம்மாக்களுக்கு வருஷத்தில் அபூர்வம்.

அந்த அம்மா தூங்காமல் யோசிப்பது தனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், பதினெட்டு வயது தாண்டிய இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க மாவட்டத்தில் கலெக்டரோடு ஒரு குழு இருக்கிறது. பல பெற்றோருக்கு இது தெரியாது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

செல்லூரிலிருந்து: காது கேட்காத, பேச வராத அண்ணன் எதிரில் தறி ஓட்டுகிறார். கத்திப் பேசியும் பலன் இல்லை.

கத்தினால் உங்கள் வாய் கோணும், உதட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூட அது புரியாது. முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று சாதாரணமாகப் பேசுங்கள், மிச்சத்தை போனில் எழுதிக் காட்டுங்கள். எழுதப் படிக்க வராதவர் என்றால் அவரிடமே நாலு சைகை கற்றுக்கொள்ளுங்கள், முதலில் கேட்க வேண்டியது உங்களுக்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பது. நிச்சயம் ஏதோ வைத்திருப்பார், உங்கள் மீசையையோ தொப்பையையோ வைத்து.

ஊர் பெயர் வேண்டாம் என்றவர்: பக்கத்து வீட்டு அண்ணன், கால் ஊனம், நல்ல நண்பர்தான். ஆனால் 3,000 ரூபாய் வாங்கிவிட்டு வாயே திறக்கவில்லை. கேட்டால் தப்பாகுமா?

கேளுங்கள். வேறு நண்பர் என்றால் இந்நேரம் நாலு தடவை கேட்டிருப்பீர்கள்தானே? கஷ்டம் என்றால் மாதம் 500 என்று பேசிக்கொள்ளுங்கள். தெருவில் நாலு பேர் முன்னால் வேண்டாம், டீ சாப்பிடக் கூப்பிட்டுக் கேளுங்கள், டீக்காசை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள்.