பழைய சொகுசு காருக்கு முதல் சர்வீஸ்: எது அவசரம், எது காத்திருக்கலாம்?

கேள்வி: 12 வருடப் பழைய ஜெர்மன் சொகுசு கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். தினமும் வேலைக்குப் போய்வரத்தான். 90,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, "வண்டி நல்லாத்தான் ஓடுது, எஞ்சின் ஆயிலை மட்டும் மாத்தினா போதும்" என்கிறார். கியர் ஆயிலை ஆயுசுக்கும் தொடவே வேண்டாம் என்றும் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மெக்கானிக் கிலோமீட்டரைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் கெடும். உங்கள் காரில் 12 வருட வெப்பத்தைத் தாங்கிய பாகங்கள் நிறைய இருக்கின்றன. தினமும் ஓட்டப் போகிற வண்டி என்பதால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அந்தப் பக்கம்தான் எனக்கு மிகப் பெரிய கவலை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து கூலன்ட் டேங்கைப் பாருங்கள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, தையல் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா, எங்காவது காய்ந்த உப்புப் படிவம் ஒட்டியிருக்கிறதா? ஹோஸை விரலால் அழுத்துங்கள். அமுங்கித் திரும்பி எழுந்தால் நல்லது. நறநறவென்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. நான் ஓட்டிய பழைய கார் ஒன்றில், ஹோஸைக் கழற்றும்போது அதன் பிளாஸ்டிக் மூக்கு மெக்கானிக்கின் கையிலேயே பொடிந்து வந்தது. அதுவரை ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை! நடுரோட்டில் உடைந்திருந்தால் எஞ்சினே போயிருக்கும். இந்த வகைக் கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அது மேலே ஏறுவதை நீங்கள் கவனிக்கும்போது தாமதமாகியிருக்கும். ஆகவே டேங்க், ஹோஸ், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வ்), வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எப்படியும் கூலன்ட்டை இறக்கத்தான் வேண்டும், கூலி ஒரு தடவையோடு போகும்.

அப்புறம் கியர் ஆயில். பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் போன்ற பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர்களின் பேச்சை நம்புங்கள். ஆனால் இது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பாகம், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3216 என்றால் 2016-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக அத்தனை பழைய டயரில் ஓட்டாதீர்கள். எஞ்சின் ஆயிலை கார் கம்ப்யூட்டர் சொல்லும் வரை விடாமல், 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்தில் மாற்றுவேன் நான். 5டபிள்யூ-30 என்ற ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியீடு டப்பாவில் இருந்தால் மட்டும் போதாது, கையேட்டில் உள்ள கார் கம்பெனியின் அங்கீகார எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரில் லேசான எண்ணெய்க் கசிவு காத்திருக்கலாம், சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டாத வரை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், அதன் கசிவு காத்திருக்காது. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் விட்டால் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: காரின் விலைதான் குறைந்திருக்கிறது, பாகங்களின் விலை புதுக் காருக்கு உள்ளதுதான். அதற்காக டூப்ளிகேட் வாங்க வேண்டாம். கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் பாஷ், மாலே போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன, விலையும் பெரும்பாலும் குறைவு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சரியான பாகம்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்த இரண்டு பக்கப் பட்டியல்? இதே கம்பெனி கார்களை அன்றாடம் பார்க்கும், முறையான ஸ்கேனர் வைத்திருக்கும் தனி ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு அதை எடுத்துப் போங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கீழே நின்று, ஒவ்வொரு வரிக்கும் "இதை இப்போது செய்யாவிட்டால் எது கெடும்?" என்று கேளுங்கள். கைகாட்டி விளக்குகிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.