தொட்டி ஓவர்ஃப்ளோ பைப்புல பாதி அளவுக்குத்தான் தண்ணி ஓடுது, எத்தன லிட்டர் போகுதுன்னு எப்படி கணக்கு போடறது?

மேனிங் ஃபார்முலா (சரிவான பைப்புல தண்ணி ஓட்டத்த கணக்கு போடறது) போட்டு பாத்தேன், விடை நம்பற மாதிரி இல்லன்னு எழுதியிருக்கீங்க. அது நீளமா ஒரே சரிவுல ஓடற பைப்புக்கு. தொட்டி செவுத்துல இருந்து ஒரு அடி நீட்டிட்டு இருக்கற துண்டு பைப்புக்கு ஒத்து வராது, அங்க அளவ முடிவு பண்றது பைப்போட வாய்தான்.

சரியா பாதி ஓடுதுன்னா விட்டத்த மீட்டர்ல எடுத்துக்கிட்டு அத அதாலயே ஒரு தடவ பெருக்கி, வந்தத விட்டத்தோட வர்க்கமூலத்தால பெருக்கி, கடைசில 0.77-ஆல பெருக்குங்க, செகண்டுக்கு எத்தன கன மீட்டர்னு வந்துரும். 1 இன்ச்சுக்கு நிமிஷத்துக்கு நாலே முக்கால் லிட்டர், 2 இன்ச்சுக்கு 27, 3 இன்ச்சுக்கு 74, 4 இன்ச்சுக்கு 152 கிட்ட வரும். உள் வாய்ல கொஞ்சம் தடை இருக்கும், அதனால பத்து சதவீதம் கழிச்சுக்கோங்க. ஆழத்த அளக்கும்போது வெளி முனைல அளக்காதீங்க, அங்க தண்ணி வளைஞ்சு விழறதால கம்மியா காட்டும், கொஞ்சம் உள்ள தள்ளி அளங்க.

நான் இத கத்துக்கிட்டது கோத்தகிரில எங்க வீட்டு தொட்டியால. சோலை ஊத்துல இருந்து 200 மீட்டர் ஹோஸ், ஊத்து தொட்டிக்கு 40 மீட்டர் மேல. இன்லெட் 1 இன்ச், அதனால ஓவர்ஃப்ளோவும் 1 இன்ச் போதும்னு வச்சுட்டு போயிட்டாங்க. ஒரு ஐப்பசி ராத்திரி தொட்டி மூடி வழியா பொங்கி கீழ கல்லுக்கட்டுக்கு பின்னாடி இருந்த செம்மண்ண அரிச்சுட்டு போயிருச்சு, காலைல பாத்தா கட்டு முன்னாடி சாஞ்சு நிக்குது. 2009 நவம்பர் மண்சரிவ பாத்த ஊர்க்காரங்களுக்கு அது எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

15 லிட்டர் பக்கெட்ட ஹோஸ்ல புடிச்சேன், 15 செகண்ட்ல ரொம்பிருச்சு. நிமிஷத்துக்கு 60 லிட்டர்! உள்ள வர்ற தண்ணிய 40 மீட்டர் உயரம் தள்ளுது, வெளிய போற தண்ணிய தள்ளறதுக்கு பைப்புக்கு மேல நிக்கற நாலு விரக்கடை தண்ணி மட்டும்தான். மலைல ஒரே சைஸ் வைக்கவே கூடாதுங்க.

3 இன்ச் மாத்தினேன். பாதி ஓடணும்னா தொட்டிக்குள்ள பைப் அடிமட்டத்துக்கு மேல விட்டத்துல முக்கால் பங்கு தண்ணி ஏறி நிக்கணும், அதுக்கும் மேல ஒரு ஜாண் இடம் விட்டு மூடி போட்டேன். கொசுவலைய பைப் வாய்ல ஒட்டி கட்டாதீங்க, ஒரே ஒரு சில்வர் ஓக் இலை பாதி வாய அடைச்சுரும், பெரிய கூடை மாதிரி வளைச்சு கட்டுங்க. போன மழைல டார்ச் அடிச்சு பாத்தேன், பைப்புல பாதிக்கு ஒரு விரல் கீழயே ஓடிட்டு இருந்துச்சு.